அக்கா திருத்தாமல் விட்ட முறை

அந்தச் சலவை நிலையத்தில் ஒரு லோடு துணி துவைத்து முடிய நாற்பது நிமிடம் ஆகும். நாற்பது நிமிடத்தில் மனிதர்கள் என்னென்னவோ செய்யலாம். பேப்பர் படிக்கலாம், ஊர் வம்பு பேசலாம், சுவரில் சாய்ந்து கண்ணை மூடலாம். நிலையத்தை நடத்திவந்த அக்காவும் தம்பியும் ஒரு ராஜ்ஜியத்தை ஆண்டார்கள்.

ராஜ்ஜியம் இருந்தது அலுவலக அறையின் மூலையில், பஞ்சுத் தூசி படிந்த ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள். திரை முழுக்க ஆறு பக்கக் கட்டங்கள். அவற்றில் மலை, ஆறு, கணவாய், வயல், கோட்டை. நாம் ஒரு முறை ஆட வேண்டும், பிறகு எதிரி அரசன் ஒரு முறை ஆடுவான். எதிரி அரசன் என்பது கம்ப்யூட்டர்தான். அவசரம் கிடையாது. நாம் யோசித்து முடிக்கும்வரை ஓங்கிய வாளோடு அப்படியே நின்றுகொண்டிருப்பான். இப்படி ஒரு மரியாதையான எதிரி வெளியில் கிடைக்க மாட்டான் என்று அக்கா சொல்வாள்.

அக்காவும் தம்பியும் ஒரே பக்கம். ஒரு லோடு ஓடும்போது தம்பி ஒரு முறை ஆடுவான், அடுத்த லோடு ஓடும்போது அக்கா. ஆட்டத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். ஆரம்பத்தில் பேசித்தான் ஆடினார்கள். இரண்டாவது லெவலில் ஒரு பாலத்தைக் கட்டுவதா வேண்டாமா என்று பேச்சு முற்றி, அது அடங்குவதற்குள் ஒரு விடுதியின் கம்பளித் திரைச்சீலைகள் கொதிநீரில் வெந்து கைக்குட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டன. அன்றைக்கு இஸ்திரிக்காரர், "இனிமே ராஜாவும் ராணியும் வாயத் தொறக்காம ஆடுங்க" என்று தீர்ப்புச் சொன்னார். இருபது வருடமாக அங்கே இஸ்திரி போடுகிறவர். அவர் சொன்னால் அப்பீல் கிடையாது.

மொத்தம் எட்டு லெவல்கள். மேலே ஏறிய பிறகுதான் கீழே இருந்தது எவ்வளவு சின்னது என்று தெரியும். முதல் லெவலில் எதிரி அரைத் தூக்கத்தில் ஆடினான். கோட்டைக் கதவைத் தட்டினாலே சாவியைக் கொடுத்துவிடுவான் போலிருந்தது. மூன்றாவதில் அவன் வயலைக் கொளுத்தக் கற்றுக்கொண்டான். ஐந்தாவதில் ஆட்டம் தொடங்கும்போதே அவனுக்கு இரண்டு நகரங்கள் கூடுதல். ஏழாவதில் அவனுக்கு ஞாபகசக்தி வந்துவிட்டது. போன தடவை நாம் எந்தப் பக்கம் ஏமாந்தோமோ அதே பக்கம் மறுபடி வந்து நின்றான். ஏழையும் ஜெயிக்க இவர்களுக்கு ஆறு வருடம் ஆனது.

எட்டாவது லெவலை முதன்முதலாகத் தொடங்கியபோது நாற்பது முறைகள் எதிரி ஒன்றுமே செய்யாத மாதிரி இருந்தான். ஒரு சிப்பாய்கூட எல்லையைத் தாண்டவில்லை. அக்கா அவனை ஏளனமாகக்கூட நினைத்தாள். நாற்பத்தோராவது முறையில் மூன்று திசைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தான். அந்த நாற்பது முறைகளில் அவன் செய்த சின்னச் சின்ன வேலைகள் எல்லாம், இங்கே ஒரு கிணறு, அங்கே ஒரு வண்டிப்பாதை, இந்த ஒரு நாளுக்காகத்தான் என்று அப்போது புரிந்தது. தலைநகரம் விழுந்தது. அக்காவுக்குக் கோபம் வரவில்லை. வாயில் கை வைத்தபடி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். முதன்முதலாகக் கடலைப் பார்க்கும் பிள்ளைக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பிழியும் மெஷின் கத்திக் கத்தி ஓய்ந்ததுகூட அவள் காதில் விழவில்லை.

அதற்குப் பிறகு நான்கு தடவை தோற்றார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி.

இதற்குள் அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அவள் கெட்டவள் அல்ல. கை அரிக்கிறவள், அவ்வளவுதான். தம்பி தண்ணீர்ச் சூட்டை அறுபதில் வைத்துவிட்டுப் போனால், பின்னாலேயே போய் ஐம்பத்தைந்துக்குத் திருப்புவாள். தம்பி தலையணை உறைகளை எண்ணி நூற்றிருபது என்றால், மறுபடி எண்ணி நூற்றிருபது என்று சொன்ன பிறகுதான் அது நூற்றிருபது ஆகும். அம்மா அப்பா போனபோது அவளுக்கு இருபது வயது, அவனுக்குப் பதிமூன்று. அன்றிலிருந்து அவன் செய்வதைச் சரிபார்ப்பது மூச்சு விடுவதுபோல் ஆகிவிட்டது. இப்போது அவனுக்கு நாற்பது. கெட்டுப்போன எந்த மெஷினையும் பிரித்துப் போட்டு உயிர் கொடுத்துவிடுவான். பூட்டிய கடைசித் திருகாணியை அக்கா வந்து அரைச் சுற்று முறுக்கிவிட்டுப் போவாள். அவன் ஒன்றும் சொல்ல மாட்டான்.

ஆட்டத்திலும் அப்படித்தான். தம்பி ஒரு படையை மேற்கே அனுப்பினால், தன் முறையில் அக்கா அதைத் திரும்ப அழைப்பாள். அவன் ஆற்றங்கரையில் கோட்டைக்கு அடித்தளம் போட்டால், அதைக் கலைத்துவிட்டு மேட்டில் போடுவாள். ஏழு லெவல்களையும் இப்படித் திருத்தித் திருத்தித்தான் ஜெயித்தாள். அதாவது, தான்தான் ஜெயித்ததாக நினைத்திருந்தாள். தம்பியும் ஒவ்வொரு தடவையும், "நல்ல வேள நீ மாத்தின" என்றுதான் சொல்வான்.

ஒரு திங்கட்கிழமை, பெரிய மெஷினுக்குள் துண்டுகளைத் திணித்துக்கொண்டே தம்பி சொன்னான். "நாம மெஷினெல்லாம் வாங்கின கம்பெனிக்காரங்க கூப்பிடுறாங்கக்கா. அவங்க ஊர்லயே இருந்து மெக்கானிக் வேல பாக்கணுமாம். அடுத்த வெள்ளிக்கிழமை இங்கேருந்து கெளம்பணும். போலாம்னு இருக்கேன்."

அந்த ஊர் ரயிலில் ஒரு நாள் தூரம். போகாதே என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் அக்காவின் கணவர், பஸ் ஓட்டுகிறவர், சாப்பிட்டுக்கொண்டே ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "உன் தம்பிக்கு நாப்பது வயசாச்சு. ஒரு நாளாவது அவன அவன் போக்குல விட்டுப் பாரு." அது முள்ளாகத் தைத்திருந்தது. அதனால் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "உனக்கு நல்லதுன்னா போ" என்றாள்.

தம்பி ஒரு நொடி அவளையே பார்த்தான். பிறகு மெஷின் கதவைச் சாத்தினான். "சரிக்கா" என்றான்.

அந்த "போ"வைச் சொல்லிவிட்டதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. இத்தனை வருடத்தில் அவள் அடக்கிய பெரிய அரிப்பு அதுதான். மாலையில் கணவரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "நெசமாவா? வேற ஒண்ணும் சொல்லலியா நீ?" என்று இரண்டு தடவை கேட்டார். அவள் பாத்திரத்தைக் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். கண் ஏற்கெனவே நிறைந்திருந்தது.

எஞ்சியிருந்த பதினோரு நாளுக்குள் எட்டாவது லெவலை ஜெயித்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி வந்தது. அவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பதுபோல. ஆறாவது தடவையாகப் பாதி வந்திருந்த ஆட்டம் அருமையாக நடந்துகொண்டிருந்தது. நாற்பத்தோராவது முறைத் தாக்குதலைத் தாண்டினார்கள். எழுபதில் எதிரியின் ஒரு துறைமுகத்தைப் பிடித்தார்கள். இஸ்திரிக்காரர்கூட இடையிடையே எட்டிப் பார்த்துவிட்டு, "ம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் "ம்" சொல்வது சாதாரண விஷயம் இல்லை.

வியாழக்கிழமை காலை, எண்பத்தேழாவது முறை. தம்பி ஆடிவிட்டு எழுந்து போனான். அடுத்த லோடு ஓடும்போது அக்கா உட்கார்ந்து பார்த்தாள்.

வடக்கே ஒரு கணவாய். எதிரி நுழைய அந்தப் பக்கம் அது ஒன்றுதான் வழி. அங்கே காவலுக்கு இருந்த வில்லாளிகள் இரண்டு படையையும் தம்பி எழுப்பிக் கிழக்கே ஆற்றங்கரைக்கு அனுப்பியிருந்தான். கணவாய் திறந்து கிடந்தது. எதிரிப் படை ஒன்று அங்கே வந்து சேர இரண்டே முறைதான் இருந்தது. பச்சைப் பிள்ளைகூட இப்படிச் செய்யாது.

அவள் கை தானாக மவுசுக்குப் போனது. என்ன செய்ய வேண்டும் என்பது கண்ணை மூடிக்கொண்டே தெரியும். வில்லாளிகளைத் திரும்ப அழைக்க வேண்டும். அது போதாதென்று தலைநகரத்தில் சும்மா நிற்கும் குதிரைப்படையையும் வடக்கே ஓட்ட வேண்டும். அப்போதுதான் மனசு ஆறும்.

கையை எடுத்தாள். வாழ்க்கையிலேயே "போ" என்று சொல்லியாகிவிட்டது, சுண்டைக்காய் ஆட்டத்தில் ஒரு கணவாயை விட முடியாதா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அவன் ஏதோ நினைத்துத்தான் செய்திருப்பான். எனக்குப் புரியவில்லை என்றால் அது என் குறை. அவள் வயலில் ஒரு வாய்க்காலை மட்டும் வெட்டிவிட்டு, கணவாயைத் தொடாமல், முறையை முடித்தாள். தான் நல்லது செய்துவிட்டதாகவே நினைத்தாள்.

தம்பியின் முறை வந்தது. அவன் உட்கார்ந்தான். அக்கா வேண்டுமென்றே சலவைத்தூள் மூட்டைகளை அடுக்குகிற மாதிரி அறைக்குள்ளேயே நின்றாள். அவன் திரையைப் பார்த்தான். கிட்டப் போய்ப் பார்த்தான். மவுசை மேலும் கீழும் நகர்த்தி எதையோ தேடினான். தேடியது கிடைக்கவில்லை. அவன் முகம் வெளுத்துப்போனது.

"ஏன்க்கா மாத்தல?"

சட்டத்தை முதலில் மீறியது அவன்தான். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

"எத?"

"கணவாய. வில்லாளிங்கள ஏன் திரும்பக் கூப்பிடல?"

"நீதான அனுப்பின. அத நான் ஏன் மாத்தணும்?"

"நீ மாத்துவேன்னுதான அனுப்பினேன்."

அக்கா மூட்டையைக் கீழே வைத்தாள். அவனும் சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று உணர்ந்தவன்போல உதட்டைக் கடித்துக்கொண்டான். இனி மறைக்க முடியாது.

"எனக்கு வேண்டியது வில்லாளிங்க இல்லக்கா," என்றான் மெதுவாக. "குதிரைப்பட வடக்க போகணும். அங்கேருந்து ஒம்பது மொறையில எதிரியோட தலைநகரத்துக்குள்ள பூந்துடலாம், நான் எண்ணிப் பாத்துட்டேன். ஆனா நானே குதிரைய வடக்க அனுப்பினா நீ திரும்பக் கூட்டிப்ப. எப்பவும் கூட்டிப்ப. கணவாயத் தொறந்து விட்டா நீ பதறிப்போய் நீயே அனுப்புவ. நீ அனுப்பினத நீ மாத்த மாட்ட."

வெளியே மெஷின் தண்ணீரைக் கொட்டும் சத்தம் கேட்டது. இனி வில்லாளிகளைக் கூப்பிட்டாலும் நேரத்துக்கு வந்து சேர முடியாது. அடுத்த முறையிலேயே எதிரி கணவாய்க்குள் நுழைந்தான். அன்று மாலைக்குள் வடகோட்டை போனது, அதன் பின்னால் மூன்று நகரங்கள் போயின, சனிக்கிழமை தலைநகரமும் போனது. ஆட்டம் முடிந்தபோது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. அக்கா காலையிலேயே வந்து கதவைத் திறந்தாள். மெஷின்கள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு சும்மா நின்றன. ஜன்னல் வழியே வந்த வெயிலில் பஞ்சுத் தூசி மிதந்தது. அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். அந்த ஆட்டத்தில் ஒரு வசதி உண்டு. ஆடி முடித்த ஒவ்வொரு ஆட்டத்தையும் அது எடுத்து வைத்திருக்கும். வேண்டுமானால் முதல் முறையிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்க்கலாம். இதுவரை அவள் அதைத் தொட்டதே இல்லை. தான் ஜெயித்தது தனக்கே தெரியாதா என்ன.

ஏழாவது லெவல் ஆட்டத்தைப் போட்டாள். முப்பதாவது முறையில் தம்பி மலைக்கு இந்தப் பக்கம் ஒரு சாலை போட ஆரம்பித்தான். முப்பத்தோராவதில் அவள் அதை நிறுத்தி, மலைக்கு அந்தப் பக்கம் போட்டாள். நாற்பது முறை கழித்து அவர்களுடைய படை ஜெயித்தது அந்தச் சாலையில்தான். அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமையடித்திருந்தாள். இப்போது நிறுத்தி, திரும்ப ஓட்டிப் பார்த்தாள். தம்பி அதற்கும் முன்னால், இருபத்திரண்டாவது முறையிலேயே, அந்தப் பக்கத்து மலையடிவாரத்தில் களஞ்சியம் கட்டிவிட்டான். அந்தச் சாலை இல்லாமல் அந்தக் களஞ்சியத்துக்கு வேலையே இல்லை. அவள் எங்கே சாலை போடுவாள் என்று அவளுக்கே தெரிவதற்கு ஒன்பது முறை முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆறாவது லெவலைப் போட்டாள். அங்கேயும் அப்படி. ஐந்தாவதில், நான்காவதில். அவள் மேட்டில் கட்டிய கோட்டை, அவள் கண்டுபிடித்த ஆற்றுத் துறை, அவள் பெருந்தன்மையோடு காப்பாற்றிய நகரம், ஒன்று விடாமல் அவன் விரித்து வைத்த இடத்தில்தான் அவள் கால் வைத்திருந்தாள். அவன் இரண்டு பேரோடு ஆடியிருக்கிறான். ஒரு பக்கம் எதிரி, ஒரு பக்கம் அக்கா. எதிரி லெவலுக்கு லெவல் கடினமானான். அக்காவோ முதல் நாளிலிருந்தே எட்டாவது லெவல்.

ஆத்திரம் வர வேண்டும். ஒரு நிமிடம் வந்தது. பிறகு அது கரைந்து வேறொன்றாக மாறியது. எட்டாவது லெவல் எதிரி மூன்று திசையிலிருந்து வந்தபோது வாயில் கை வைத்து உட்கார்ந்தாளே, அந்த வியப்பு இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அது ஒரு இயந்திரம். இது தன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த பையன். பக்கத்திலேயே நின்று தூள் மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்த இந்த ஆளுக்குள் இவ்வளவு பெரிய ஒன்று இருந்திருக்கிறது. அவள் அதன் மேலேயே நடந்துகொண்டு, தரை வழுக்குகிறது, சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அக்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த வெறும் அறையில், "எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கான்" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அப்புறம் ஆட்டத்துக்கு வெளியே இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. "இந்தப் பழைய பிழியுற மெஷினே போதும்க்கா" என்று அவன் சொன்ன மாதத்தில்தான் அவள் புது மெஷின் வாங்கினாள். "கெழக்கால ஜன்னல் எதுக்கு, வெயில் வரும்" என்று அவன் சொல்லப்போய்த்தான் இந்த ஜன்னல் வந்தது. பதினெட்டு வருடத்துக்கு முன்னால், மூன்று வரன்கள் வந்திருந்தபோது, ஒரே ஒருவரைப் பற்றி மட்டும் அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அந்த பஸ் டிரைவர் வேணாம்க்கா" என்றான்.

அக்கா விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். கணவர் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களக் கட்டிக்கிட்டது என் முடிவுன்னு இத்தன நாள் நெனச்சிட்டிருந்தேன்," என்றாள்.

அவர் ஊசியைப் பல்லில் கடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். "இப்ப யாரு முடிவுன்னு தெரிஞ்சுதாம்?"

"என் தம்பியோடது."

அவர் ஊசியை வாயிலிருந்து எடுத்தார். "பையன் வெவரமானவன்தான்," என்று சொல்லிவிட்டு அடுத்த பித்தானை எடுத்தார்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு நின்றுபோனது. மெஷினுக்குள் துண்டுகளைத் திணித்துக்கொண்டு அவன் சொன்னது காதில் கேட்டது. போலாம்னு இருக்கேன். அவள் "போ" என்றதும் ஒரு நொடி அவன் பார்த்த பார்வை இப்போதுதான் புரிந்தது. வியாழக்கிழமை திரையைப் பார்த்த அதே பார்வை. தேடியது கிடைக்காத பார்வை.

அவனுக்குப் போக வேண்டும் என்று இருந்தால் "போக மாட்டேன்" என்றல்லவா சொல்லியிருப்பான். அவனுக்கு வேண்டியிருந்தது அவள் வாயிலிருந்து ஒரு "போகாதே". இருபத்தேழு வருடமாக அவன் செய்ததை எல்லாம் மாற்றியவள், மாற்ற வேண்டிய அந்த ஒன்றை மாற்றாமல் விட்டுவிட்டாள். அதைப் பெருமை என்று வேறு நினைத்துக்கொண்டாள்.

உடனே ஓடிப்போய், "போகாத" என்று சொல்லிவிடலாம். செருப்பைக்கூட மாட்டிவிட்டாள். வாசல்படியில் நின்றாள். சொன்னால் அவன் இருந்துவிடுவான். "நல்ல வேள நீ மாத்தின" என்பான். அதோடு எல்லாம் பழையபடி ஆகிவிடும். தனக்கு வேண்டியதை வேண்டும் என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல் அவனுக்கு ஐம்பது வயதாகும், அறுபது வயதாகும். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை ரயிலேறிவிடுவான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை விடுதியிலிருந்து வந்த பெரிய படுக்கை விரிப்புகள் அறுபது. அவற்றை ஒருவர் மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, இழுத்து உதறி, பாதியாக்கி, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி பின்னால் போக வேண்டும். இஸ்திரிக்காரர் அந்தக் கோடியில் நீராவிக்குள் இருந்தார். மூன்றாவது விரிப்பை உதறியபோது அக்கா கேட்டாள்.

"போறேன்னு சொன்னியே. அதுவும் நான் மாத்துவேன்னுதான் சொன்னியா?"

அவன் கையிலிருந்த முனை நழுவியது. குனிந்து எடுத்தான்.

"பழைய ஆட்டமெல்லாம் பாத்தேன்," என்றாள் அக்கா. "நாலாவது லெவல்லேருந்து. நீ எப்பேர்ப்பட்டவன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. பிரமிச்சுப் போயிட்டேன்டா." விரிப்பின் முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நீ போனா எனக்கு ஒரு கை போன மாதிரி இருக்கும். இது நான் சொல்லியிருக்கணும், சொல்லல. இப்ப சொல்லிட்டேன். ஆனா முடிவு உன்னோடது. இனிமே நீ எங்க வைக்கிறியோ அங்கதான் இருக்கும். நான் தொட மாட்டேன். அதனால உனக்கு என்ன வேணுமோ அதையே வை."

இருவரும் நடந்து வந்து முனைகளைச் சேர்த்தார்கள். அவன் கண் அவள் முகத்தை மேய்ந்தது, திரையில் மவுசை மேலும் கீழும் நகர்த்தியதுபோல.

"வெள்ளிக்கிழமை கெளம்புறேன்க்கா," என்றான்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தான். அவளுக்குத் தெரிந்தது. இருபத்தேழு வருடத்துப் பழக்கம் ஒரு காலையில் போய்விடுமா. கணவாயைத் திறந்து வைத்துவிட்டு நிற்கிறான். அவள் உடம்பில் இருந்த ஒவ்வொரு எலும்பும் அதை அடைக்கச் சொன்னது. அடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு வியாழக்கிழமையே தெரியும். நகரங்கள் விழும்.

"சரி," என்றாள்.

நான்காவது விரிப்பு. ஐந்தாவது. ஆறாவது. உதறல், பாதி, நடை, முனையோடு முனை. ஏழாவதில் அவன் தவறான முனையைக் கொடுத்தான். அவள் ஒன்றும் சொல்லாமல் அப்படியே வாங்கிக்கொண்டாள். விரிப்பு கோணலாக மடிந்தது. கோணலாகவே அடுக்கில் போனது. அந்தக் கோடியில் நீராவிக்குள்ளிருந்து இஸ்திரிக்காரர் எட்டிப் பார்த்தார். கோணல் விரிப்பு ஒன்று அந்தக் கடையின் அடுக்கில் உட்கார்ந்திருப்பதை இருபது வருடத்தில் அவர் முதன்முதலாகப் பார்க்கிறார். தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பன்னிரண்டாவது விரிப்பை உதறியபோது தம்பி அதை இழுக்காமல் நின்றுவிட்டான். இருவருக்கும் நடுவில் அந்த வெள்ளைத் துணி தொய்ந்து தரையைத் தொட்டது. அவன் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"அக்கா."

"சொல்லு."

"எனக்குப் போக வேணாம்." நிறுத்தி மூச்சு வாங்கினான். "அந்த ஊரு எனக்கு வேணாம். எனக்கு இங்கதான் இருக்கணும். மெஷினெல்லாம் என் பொறுப்புல இருக்கணும். நான் முறுக்கின திருகாணிய நீ முறுக்கக் கூடாது. இதுதான் எனக்கு வேணும்."

அவ்வளவுதான் சொன்னான். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து முகவாயில் நின்றது. எட்டாவது லெவலில் ஐந்து தடவை, ஆறு தடவை தலைநகரம் விழுந்தபோது அவனுக்கு ஒரு சொட்டு வியர்த்ததில்லை. அதை அவள் பார்த்தாள். எவ்வளவு பெரிய கோட்டையிலிருந்து அவன் வெளியே இறங்கி வந்து வெறுங்கையோடு நிற்கிறான் என்று பார்த்தாள்.

அவளுக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. திருகாணி விஷயத்தில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம்கூட நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"சரி," என்றாள், அதே குரலில், அதே சொல்லை. தம்பி அந்த வெள்ளை விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.